பவுடர் பூசிய தேர்தல்

கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் ஏழும் பொறியாளரின் வழுக்கையில் தெரிந்தன. ஒப்பனைக்காரர் பஞ்சால் ஒற்றி எடுத்தார். அப்போதும் தெரிந்தன. பவுடரை இன்னொரு தடவை அழுத்திப் பூசினார். இப்போது பல்புகள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தெரிந்தன. நேரலை தொடங்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

"ரொம்பக் கஷ்டப்படாதீங்க தம்பி," என்றார் பொறியாளர். "முடி போன இடத்துல வெளிச்சம் வரத்தானே செய்யும்."

ஒப்பனைக்காரர் மூன்றாவது பூச்சுக்குத் தயாரானார். அந்த உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். அங்கே எல்லோரும் அவரைக் கூப்பிடுவது பவுடர் என்றுதான். செய்தி வாசிப்பவர், வானிலை சொல்பவர், பேட்டி கொடுக்க வருபவர் எல்லோருக்கும் அவர் கை ஒரே அளவுதான். வருகிறவர் எந்தக் கட்சி என்று கேட்டதே கிடையாது. அவருக்குத் தெரிந்த கட்சிகள் இரண்டு. ஒன்று எண்ணெய்ச் சருமம், இன்னொன்று வறண்ட சருமம்.

இந்தத் தடவை அப்படி இருக்க முடியவில்லை. காரணம் அவருடைய வீடு.

பவுடர் குடியிருந்தது தரைத்தளத்தில். பலமாக ஒரு மழை பெய்தால் தெருவில் ஓடவேண்டிய தண்ணீர் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். மழை இருட்டினால் போதும், மெத்தை சுருண்டு நாற்காலிகளின் மேல் ஏறிவிடும், துணிச் சுருள்கள் கட்டிலின் மேல் ஏறிவிடும். தையல் இயந்திரத்தை மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாப்பாட்டு மேசையில் ஏற்றுவார்கள். அன்றைக்குச் சாப்பாடு நின்றுகொண்டுதான்.

நகராட்சித் தலைவர் எட்டு வருடமாகப் பதவியில் இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தவறாமல் வருவார். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்வார். தண்ணீரும் அவர் போகும்வரை அசையாமல் நிற்கும்.

போன வருடம் வேறொருவர் வந்தார். வடிகால் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். நீளமான ஒரு கம்பியால் தெருவின் நான்கு இடங்களில் குத்திப் பார்த்தார். மருந்துக்கடை வாசலுக்குக் கீழே குழாய் மடங்கியிருக்கிறது, அதை நிமிர்த்தினால் போதும் என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து பவுடரின் மனைவிக்கு அவர் 'நம்ம இன்ஜினியர்'.

நம்ம இன்ஜினியர் தலைவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். போட்டியில் அவர்கள் இரண்டே பேர்தான். நிலையம் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து விவாதம் நடத்த ஏற்பாடு செய்தது. மறுநாள் காலையில் மறுஒளிபரப்பு. மூன்றாவது விவாதத்துக்கு அடுத்த புதன்கிழமை ஓட்டுப்பதிவு.

முதல் ஞாயிறு காலையில் மனைவி பவுடரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே விஷயத்தைத் தொடங்கினார். இன்ஜினியருக்கு மூளை இருக்கிறது, ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை என்றார். தலைவருக்கு நேர்மாறு என்றார்.

"நம்ம இன்ஜினியருக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க. தலைவருக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. யாரு வந்து உங்க பிரஷ்ஷை அளந்து பார்க்கப் போறாங்க?"

பத்தொன்பது வருடமாக அப்படிச் செய்ததில்லை என்று பவுடர் சொல்லிப் பார்த்தார். பத்தொன்பது வருடமாகத் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று மனைவி சொன்னார். பவுடர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதனால்தான் அன்று பொறியாளரின் தலையில் மூன்று பூச்சு ஏறியது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மறைத்தார். நெற்றிக் கோடுகளை நிரப்பினார். கன்னத்தில் லேசான சிவப்பு. எழுந்து கண்ணாடியைப் பார்த்த பொறியாளர், பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அடுத்து தலைவர் வந்து உட்கார்ந்தார். அவர் பவுடரின் தோளில் தட்டி, குடும்பத்தில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். யாரைப் பார்த்தாலும் கேட்பார். பவுடருக்கு அந்த நேரத்தில் கை கொஞ்சம் கூசியது. இருந்தாலும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, தலைவரின் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளைத் தொடாமலே விட்டார். ஒப்புக்கு ஒரு தடவை பிரஷ்ஷைத் தடவிவிட்டு முடிந்தது என்றார்.

விவாதத்தில் பொறியாளர் குழாய்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய், எங்கே சரிவு போதாது, எல்லாவற்றையும் காகிதம் பார்க்காமல் சொன்னார். தலைவர் பெருமூச்சு விட்டார். அதிகம் பேசவில்லை.

மறுநாள் மாலை பவுடர் வீட்டுக்கு வந்தபோது மனைவி தெரு முழுக்க விசாரித்து முடித்திருந்தார். திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வந்தவர்கூட மிச்சமில்லை.

"நம்ம ஆளைப் பார்த்தா கல்யாண ரிசப்ஷன் மாப்பிள்ளை மாதிரி இருக்காராம். சாக்கடைப் பக்கமே போகாத முகம்னு சொல்றாங்க."

"தலைவரு?"

"பாவம், நமக்காக உழைச்சு உழைச்சுத் தூக்கமே இல்லாமப் போயிடுச்சுன்னு மாடி வீட்டு அக்கா கண்ணைத் துடைச்சுக்கறாங்க."

குழாய்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று பவுடர் கேட்டார். யாருக்கும் அது நினைவில்லை.

பவுடர் ஒரு வாரம் யோசித்தார். யோசித்ததில் வழி தெளிவாகவே தெரிந்தது. களைத்த முகத்துக்குத்தான் மரியாதை என்றால், களைப்பைக் கட்சி மாற்றினால் போயிற்று. மனைவிக்கும் அது சரியாகப் பட்டது.

இரண்டாவது ஞாயிறு பொறியாளரின் முகத்தில் பவுடர் எதையும் மறைக்கவில்லை. கருவளையத்துக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிழல் சேர்த்தார். கன்னத்தின் குழியையும் சற்று ஆழப்படுத்தினார். அந்த வேலை நடக்கும்போது பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் வியர்வை இறங்கும் வழியும் தெருவில் தண்ணீர் இறங்கும் வழியும் ஒன்றுதான், இரண்டுக்கும் சரிவுதான் முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தலைவரின் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் பாதி சரிதான் என்று பொறியாளர் சொன்னார். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள் சார் என்று பவுடர் கேட்டுக்கொண்டார். யாராவது கேட்டால் சொல்லத்தானே வேண்டும் என்றார் பொறியாளர்.

தலைவருக்குப் பவுடர் தன் கைவேலை முழுவதையும் காட்டினார். பத்து வயது குறைந்தது. தலைவர் எழுந்திருக்க மனமில்லாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரலையில் நெறியாளர் கேட்டார், தலைவரின் திட்டம் எப்படி என்று. பாதி சரி என்று பொறியாளர் சொன்னார்.

மறுநாள் வீட்டில் மனைவியோடு மனைவியின் அண்ணனும் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தெருமுனை மருந்துக்கடைக்காரர். மடங்கிய குழாய் அவர் கடை வாசலுக்குக் கீழேதான் இருந்தது.

"மாப்பிள்ளை, இன்ஜினியருக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே."

"காலையில இருந்து பதினாலு பேர் கடையில கேட்டுட்டாங்க. ஒருத்தர் இதயம்னு சொல்றாரு, இன்னொருத்தர் கல்லீரல்னு சொல்றாரு. பதவிக்காலம் முடியற வரைக்கும் தாங்குவாரா?"

தலைவரைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்களாம். அந்த முகத்தைப் பார்த்தாலே ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு தெம்பு வருகிறதாம். பொறியாளர் வீட்டுக்கு ஒரு நலச்சங்கத்திலிருந்து பழக்கூடையும், சீக்கிரம் குணமாக வாழ்த்தும் போயிருந்தன. பொறியாளர் அதை வாங்கிக்கொண்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று தன் மனைவியிடம் விசாரித்திருக்கிறார்.

அன்று பவுடர் தைரியமாக ஒரு முடிவுக்கு வந்தார். தில்லுமுல்லு தனக்கு வராது. இனிமேல் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். நியாயமாக நடந்துகொண்டு தோற்றால் தோற்கட்டும்.

மனைவி மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஒரே அளவுன்னா மீசைக்கும் சேர்த்துத்தானே? அவரு மீசை கறுகறுன்னு இருக்கு. நம்மாளு மீசை வெளுத்துக் கிடக்கு. அது மட்டும் நியாயமா?"

பவுடருக்கு அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. தலைவரின் மீசைக் கறுப்பு வீட்டிலேயே நல்ல சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து வந்தது என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். அப்படியென்றால் பொறியாளருக்கும் கறுப்பு கொடுப்பதுதான் சமம்.

மூன்றாவது ஞாயிறு இருவர் முகத்திலும் ஒரே பவுடர், ஒரே எண்ணிக்கையில் பிரஷ் பட்டது. பவுடர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போட்டார். கடைசியாகப் பொறியாளரின் மீசைக்கு மைப்பென்சிலை எடுத்தார். சாயம் ஊறவைக்க நேரம் இல்லை. பொறியாளர் தயங்கினார். இது எதற்குத் தம்பி, வெள்ளையாகவே இருக்கட்டுமே என்றார். கேமராவுக்கு வெள்ளை ஒத்துக்கொள்ளாது என்று பவுடர் பொய் சொன்னார்.

முதல் அரை மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. பொறியாளர் அன்று பிரமாதமாகப் பேசினார். குழாயைப் பற்றிப் பேசாமல் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களைப் பற்றிப் பேசினார். மேசையில் ஏறும் தையல் இயந்திரத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பவுடருக்கு நெஞ்சு நிறைந்தது. அவர்தான் என்றைக்கோ பேச்சுவாக்கில் அதைச் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஸ்டுடியோவின் ஏசி நின்றது.

தலைவருக்கு வியர்த்தது, துடைத்துக்கொண்டார். பொறியாளருக்கும் வியர்த்தது. அவர் சொன்னபடியே, சரிவு பார்த்து மீசைக்கு இறங்கியது. நெறியாளர் அந்தச் சமயத்தில்தான் பழைய ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்டார். பொறியாளர் கேமராவை நேராகப் பார்த்து, புறங்கையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லைங்க."

கேமரா நெருங்கிப் போனது. பாதி மீசை வெள்ளையாகவும் மீதி மீசை கறுப்பாகவும் இருந்தது. வாயோரத்திலிருந்து காது வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. "என் கை சுத்தம்," என்று அவர் கையை விரித்துக் காட்டினார். புறங்கையில் இருந்த கறுப்பு இப்போது விரலெல்லாம் பரவியிருந்தது.

தலைவர் எழுந்து, தன் மடித்த கைக்குட்டையை எடுத்துப் பொறியாளரிடம் நீட்டினார். சிரிக்கவில்லை. தோளில் மெதுவாகத் தட்டிக்கொடுத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். அது அப்படியே ஒளிபரப்பானது.

பவுடர் சுவரோடு சாய்ந்து நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறையில் பொறியாளரின் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டார். பொறியாளர், ஏசி பழுதானால் மேலே இருக்கும் வடிகுழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பவுடரின் மனைவி திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்ததுதான் பவுடருக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுஒளிபரப்பு ஓடியபோது இருவரும் டிவி இருந்த அறைப் பக்கமே போகவில்லை.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து நிலையத்தில் திருவிழாக் கூட்டம். கருத்துச் சொல்ல வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மூக்கு, ஒவ்வொரு மூக்கிலும் எண்ணெய். மத்தியானம் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். மத்தியானம் ஆனதும், ஐந்து மணிக்குப் போகலாம் என்றார். ஐந்து மணிக்குப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர் தன் இடது பக்கம்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லி, வலது பக்கத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். பவுடர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே வாக்குச்சாவடிக்கு ஓடினார். வாசலில் இருந்த அலுவலர் கடிகாரத்தைக் காட்டினார். ஓட்டுப்பதிவு முடிந்து ஆறு நிமிடம் தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. இரண்டு தடவை எண்ணினார்கள். இரண்டு தடவையும் மாறவில்லை. தலைவர் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

செய்தியைக் கேட்டதும் மனைவி பவுடரைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

பவுடர் சொன்னார். மனைவி எழுந்துபோய் மெத்தையைச் சுருட்டி நாற்காலியில் வைத்தார். வெளியே வானம் நன்றாக வெளுத்திருந்தது, மழைக்கான அறிகுறியே இல்லை. துணிச் சுருள்களையும் ஒவ்வொன்றாகக் கட்டிலில் ஏற்றினார். பவுடர் தையல் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மேசையில் ஏற்றி முடித்ததும் மனைவி சொன்னார்.

"நாளைக்குக் காலையில அவரு வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்க. பவுடர், மீசை, ஓட்டு, எல்லாத்தையும்."

இரவெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பவுடர் அடுக்கிப் பார்த்தார். எந்த வரிசையில் அடுக்கினாலும் கேவலமாகத்தான் இருந்தது.

காலையில் போனபோது பொறியாளர் வாசலில் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு செருப்பு வைத்து, குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. வெளுத்த மீசை, வழுக்கை, கருவளையம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பவுடருக்கு முதல் தடவையாக, இந்த முகத்தில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"வாங்க தம்பி. உங்க தெருதான் போட்டுக்கிட்டு இருக்கேன். தலைவர்கிட்ட கொடுக்கணும். ஜெயிச்சது யாரா இருந்தாலும் குழாய் அந்த இடத்துலதானே மடங்கியிருக்கு?"

பவுடர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதல் வாரம் வேண்டுமென்றே கூடப் போட்டது, இரண்டாம் வாரம் வேண்டுமென்றே குறைத்தது, நிழல் சேர்த்தது, மைப்பென்சில், கேமராவுக்கு வெள்ளை ஒத்துக்கொள்ளாது என்ற பொய். எதையும் விடவில்லை. கடைசியாக, பேராசிரியரின் வலது கன்னத்தால் தன் ஓட்டு போனதையும் சொன்னார். அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான், அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

பொறியாளர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. உள்ளே திரும்பி, தம்பிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தெருவில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க எதுக்குத் தம்பி அழறீங்க? திங்கக்கிழமை காலையில டிவியில பார்த்தேன், எனக்கே என் மேல நம்பிக்கை வரலை. அதான் நானும் அவருக்கே ஓட்டுப் போட்டுட்டேன்."